முதுகு வலிக்காரருக்கு ஏற்ற ஹைட்ரேஷன் பேக்: நெல்லைப் பக்கம் எம்டிபி (மவுன்டன் பைக்) ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று லிட்டர் தண்ணீர், பம்ப், இரண்டு ட்யூப், ஸ்பேனர் செட், ஒரு சீப்பு வாழைப்பழம். எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு பாளையங்கால்வாய்க் கரையைப் பிடித்து மேலச்செவல் வரைக்கும் போனேன். ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினால் நிமிர முடியவில்லை. "என்ன அண்ணாச்சி, குனிஞ்சே நிக்கியளே?" என்றார் கடைக்காரர். அவருக்கு வேடிக்கை. எனக்குக் கண்ணில் தண்ணீர். அன்றைக்கு வீடு திரும்பியது லோடு ஆட்டோவில்.

ஹைட்ரேஷன் பேக், அதாவது முதுகில் மாட்டிக்கொண்டு குழாய் வழியே தண்ணீர் உறிஞ்சிக் குடிக்கும் பை. அதை வாங்கும்போது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். நம் வெயிலுக்கு மூன்று லிட்டர் வேண்டாமா என்ற நினைப்பு. அதற்கப்புறம் இரண்டு பைகளை வாங்கி, ஒன்றை விற்று, நண்பர்களுடைய நாலைந்தை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கடைக்குப் போவது இதில் ஐந்தாவது படியில்தான் வரும். அதற்கு முந்தையவற்றைத் தாண்டிப் போனால் பணம் வீண்.

1. முதுகைக் காட்டுங்கள்

கீழ் முதுகில் தசைப்பிடிப்பு, வண்டியை விட்டு இறங்கி அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. வலி பிட்டத்தில் இறங்கித் தொடை, கெண்டைக்கால் வரை மின்சாரம் மாதிரி ஓடினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கால் பலவீனமாகத் தெரிந்தாலோ முதலில் எலும்பு மருத்துவர், அப்புறம் பிசியோதெரபி. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, அல்லது தொடையிடுக்கில் உணர்ச்சி குறைகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது காத்திருக்கும் சமாச்சாரம் இல்லை.

இன்னொன்று. பை இல்லாமல், வெறும் முதுகோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வலித்தால் கோளாறு பையில் இல்லை, வண்டியில். சீட் உயரமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டத்தை நாள் முழுக்கத் தாங்குவது கீழ் முதுகு. பின்னால் வரும் நண்பரை உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிறது என்றால் சீட்டை ஐந்தைந்து மில்லிமீட்டராக இறக்குங்கள். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தால் அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றலாம், உயரத்தையும் கூட்டலாம். பல பேருக்கு வலி இதிலேயே பாதி குறைந்துவிடும்.

2. எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எடை பாருங்கள்

கிளம்புமுன் குறைந்த உடையோடு எடை பாருங்கள். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த எடையோடு நடுவில் குடித்த தண்ணீரைக் கூட்டினால் அதுதான் நீங்கள் வியர்த்த அளவு. ஒரு கிலோவை ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நான் 1.4 கிலோ குறைந்திருந்தேன், நடுவில் ஒரு லிட்டர் குடித்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு 2.4 லிட்டர், அதாவது மணிக்கு 1.2 லிட்டர். பங்குனியில் பார்த்த கணக்கு இது. மார்கழியில் பார்த்தால் பாதிதான் வரும்.

வியர்த்ததை எல்லாம் ஓட்டும்போதே குடித்துவிட வேண்டும் என்றில்லை. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக இறக்கினால் இரத்தத்தில் உப்பு குறைந்து வேறு ஆபத்து வரும். தாகத்துக்குத் தகுந்தபடி பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு போதும்.

இங்கேதான் நம் ஊர் நமக்கு உதவுகிறது. வியர்க்கும் அளவும் சுமக்கும் அளவும் ஒன்றில்லை. சுமக்க வேண்டியது, அடுத்த டீக்கடை வரைக்குமான தண்ணீரை மட்டும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று தாமிரபரணியை ஒட்டிப் போனால் சில கிலோமீட்டருக்கு ஒரு கடை, ஒரு ஊர், ஒரு கோவில் குழாய். ஒன்றரை லிட்டரே அங்கே தாராளம். நாங்குநேரிக்குக் கிழக்கேயும் தெற்கேயும், மூலைக்கரைப்பட்டி, கூந்தன்குளம், விஜயநாராயணம் குளத்துக்கரை, ராதாபுரம் பக்கம் என்றால் கதை வேறு. வானம் பார்த்த பூமி, நிழலுக்கு உடைமரம்தான். அங்கே இரண்டரை லிட்டருக்குக் குறைந்து கிளம்பாதீர்கள். போகும் பாதையைக் காகிதத்தில் போட்டுத் தண்ணீர் கிடைக்கும் இடங்களைக் குறியுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் உள்ள மிக நீளமான தூரம்தான் உங்கள் பையின் அளவு.

(மாஞ்சோலை, களக்காட்டு மலை என்று கனவு காண்பவர்களுக்கு: அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே சைக்கிளை உருட்டாதீர்கள். அடிவாரத்துக் கால்வாய்க் கரைகளும் செம்மண் பாதைகளுமே ஓர் ஆயுளுக்குக் காணும்.)

3. முதுகிலிருந்து இறக்கக்கூடியதை எல்லாம் இறக்குங்கள்

வண்டியில் குனிந்து உட்காரும்போது முதுகு, கிணற்று ஏற்றத்தின் மரம் மாதிரி. இடுப்புதான் அச்சு. நாலு கிலோ பை அச்சிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருப்பதற்கும், தோள்பட்டைக்குப் பக்கத்தில் 40 சென்டிமீட்டரில் இருப்பதற்கும் இடுப்புத் தசைக்குத் தெரியும் பளு இரண்டரை மடங்குக்கு மேல் வேறுபடும். இது சும்மா உட்கார்ந்திருக்கும்போது. பள்ளத்தில் சக்கரம் விழும்போது பை ஒரு கணம் மேலே எழும்பி முதுகில் வந்து விழும். அந்த அடி தனி.

1980களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த நூறு மைல் சைக்கிள் ஓட்டத்தில், மைக்கேல் எய்ட்சன் என்ற அவசர மருத்துவ ஊழியர் குளூக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, நீளமான காலுறைக்குள் திணித்து முதுகில் கட்டிக்கொண்டு, குழாயைத் தோள் மேலே கொண்டுவந்து துணிக்கிளிப்பால் அடைத்துவைத்து ஓட்டினார். அதுதான் பிறகு கேமல்பேக் என்ற தண்ணீர்ப் பை நிறுவனம் ஆனது. மெலிந்த பை, ஒரு குழாய், அவ்வளவுதான். அதற்கு மேலே பத்துப் பதினைந்து லிட்டர் அறைகளைக் கட்டி, அதற்குள் வீட்டையே அடைக்கச் சொன்னது பின்னால் வந்த பழக்கம்.

ஆகவே ஸ்பேனர், ட்யூப், டயர் லிவர் எல்லாம் ஃபிரேமில் கட்டும் சின்னப் பைக்கு அல்லது சீட்டுக்குக் கீழே போகட்டும். பம்புக்கு பாட்டில் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே கிளிப் உண்டு. நம் பக்கம் கருவேல முள்ளுக்கும் உடைமுள்ளுக்கும் பயந்து இரண்டு ட்யூப் கொண்டுபோகிறோம். டயரில் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றி ட்யூப்லெஸ் ஆக்கினால் ஒன்று போதும். ஃபிரேமில் ஒரு பாட்டில் ஸ்டாண்ட் இருந்தால் 750 மில்லி அங்கே போய்விடும். இரண்டு இருந்தால் ஒன்றரை லிட்டர்.

ஓடும் வண்டியில் குனிந்து பாட்டிலை எடுப்பதே வலிக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் உறையை, அதாவது ப்ளாடரை, ஃபிரேம் முக்கோணத்துக்குள் பொருந்தும் பையில் வைத்து, நீளக் குழாயை ஹேண்டில்பார் வரை கொண்டுவந்து கிளிப்பில் மாட்டலாம். முதுகில் ஒன்றுமே இல்லை. பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் அந்த முக்கோணத்தில் இடம் போதாது. மற்றவர்கள் யோசிக்கலாம். வலி கடுமையானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பையே வாங்காமல் இந்தப் படியிலேயே நின்றுவிட்டால் எனக்குச் சந்தோஷம்.

மீதி இருப்பதை எடை போடுங்கள். பை, தண்ணீர், போன், மருந்து எல்லாம் சேர்த்து உடம்பில் இரண்டரை கிலோ என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட வரம்பு. ராதாபுரம் பக்கம் போகும் நாளில் மட்டும் மூன்றரை.

4. எந்த வகை?

இடுப்புப் பை. நம் அம்மாக்கள் குடத்தைத் தோளில் வைக்கவில்லை, இடுப்பில்தான் வைத்தார்கள். ஹிப் பேக்கும் அதே கணக்குதான். பளு அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது, தோளும் மேல்முதுகும் விடுதலை, வியர்வை காய இடமிருக்கிறது. ஆஸ்ப்ரே கம்பெனியின் செரல், எவாக் கம்பெனியின் ஹிப் பேக் போன்றவற்றில் ஒன்றரை லிட்டர் ப்ளாடர் போகும். ஆற்றுப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு இதுவே என் தேர்வு. குறைகளும் உண்டு. ஆடாமல் இருக்க இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீர் குறையக் குறைய மறுபடி இறுக்க வேண்டும். தொந்தி உள்ளவர்களுக்குப் பட்டை வயிற்றுக்குக் கீழே நழுவும் (அனுபவம்). முதுகுத்தண்டின் அடியில், இடுப்பெலும்பு சேரும் இடத்தில் தொட்டாலே வலி என்பவர்களுக்கு அந்த அழுத்தமே ஆகாது.

தாழ்வாக உட்காரும் முதுகுப் பை. இதில் ப்ளாடர் நெட்டுக்குத்தாக நிற்காமல், இடுப்பைச் சுற்றிக் குறுக்காகப் படுத்திருக்கும். கேமல்பேக்கின் ஸ்கைலைன் எல்.ஆர். அப்படிப்பட்டது. இரண்டு, மூன்று லிட்டர் கட்டாயம் வேண்டும், முதுகும் சரியில்லை என்றால் தேட வேண்டிய வகை இதுதான்.

ஓட்டக்காரர்கள் போடும் வெஸ்ட். மார்பைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், குலுங்காது, இடுப்பில் பட்டை இல்லை. ஆனால் பளு மேலே இருக்கும். கழுத்து, தோள் வலிக்காரர்களுக்கு வேண்டாம். இடுப்புப் பட்டை படவே கூடாதவர்கள் ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொண்டு போட்டுப் பார்க்கலாம்.

வழக்கமான நெட்டை ப்ளாடர் பை. மூன்று லிட்டரும் நெடுக நிற்கும். முதுகு வலிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். இறக்கத்தில் பையின் மேல்பகுதி ஹெல்மெட்டின் பின்புறத்தை இடிக்கும். தலையை நிமிர்த்த முடியாமல் கழுத்தும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

முதுகுத்தண்டுக் கவசம் வைத்த பைகளும் விற்கிறார்கள். பெயரைப் பார்த்து முதுகு வலிக்கு நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். கீழே விழும்போது அடியைத் தாங்கத்தான் அந்தக் கவசம். வலிக்கு அது ஒன்றும் செய்யாது. எடையும் வெக்கையும் கூடும்.

5. அளவெடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கே டேப்பின் ஒரு நுனி. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்தால் கட்டைவிரல்கள் பின்னால் சந்திக்கும் கோடு இருக்கிறதே, அங்கே மறு நுனி. வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரம் வேறு, முதுகின் நீளம் வேறு. நெட்டையான ஆட்களில் கால் மட்டும் நீளமானவர்கள் நிறைய. ஒரே அளவில் வரும் பைகள்தான் அதிகம் என்பதால், அளவு தெரிந்திருந்தால் எது ஒத்துவராது என்பதையாவது முன்பே தள்ளிவிடலாம். பெண்களுக்குத் தோள்பட்டை இடைவெளியும் மார்புப் பட்டையின் இடமும் வேறாக அமைய வேண்டும். ஆஸ்ப்ரே ஆண்களுக்கு ராப்டர், பெண்களுக்கு ரேவன் என்று தனித்தனியாகச் செய்வது அதனால்தான்.

காலிப் பையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். காலியாக எல்லாப் பையும் சுகம்தான். இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் போடுங்கள். பட்டைகளைக் கட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது. எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டை, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் பதிகிற மாதிரி. அப்புறம் தோள் பட்டைகள், பை முதுகில் ஒட்டும் அளவுக்கு மட்டும். கடைசியாக மார்புப் பட்டை, ஆழமாக மூச்சிழுத்தால் பிடிக்காத அளவு. முதலிலேயே தோளை இறுக்கினால் முழுப் பளுவும் அங்கேயே தங்கிவிடும்.

இப்போது வண்டி ஓட்டும் நிலையில் குனியுங்கள். கடையில் சைக்கிள் இருந்தால் ஏறி உட்காருங்கள், இல்லாவிட்டால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பை கழுத்துப் பக்கம் வழுகுகிறதா? இடுப்புப் பட்டை வயிற்றில் வெட்டுகிறதா? தலையை நிமிர்த்தித் தூரத்தில் பார்த்தால் ஹெல்மெட் இடிக்கிறதா? பத்துமுறை லேசாகக் குதியுங்கள். பை உங்களோடு குதிக்க வேண்டும். உங்களுக்கு அரைக் கணம் பின்னால் குதித்தால் அந்தப் பை வேண்டாம். பத்து நிமிடமாவது அப்படியே போட்டிருங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள், நம் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான், திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். வந்த அன்றைக்கே, அட்டையைக் கிழிக்காமல், ப்ளாடரை நனைக்காமல், பாட்டில்களை வைத்து வீட்டுச் சுவரில் சாய்த்த சைக்கிளில் இதே சோதனையைச் செய்துவிடலாம்.

முதுகுப் பக்கத்து மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. வலையை இழுத்துக் கட்டி, முதுகுக்கும் பைக்கும் நடுவில் காற்றோட இடைவெளி விட்ட பைகள் நம் வெயிலுக்கு ஆசை காட்டும். அந்த இடைவெளி, பளுவை முதுகிலிருந்து வெளியே தள்ளும். மேடு பள்ளத்தில் ஆட்டம் கூடும். மலை நடைக்கு அது சரி. முதுகு வலியோடு சைக்கிளுக்கு, வாய்க்கால் மாதிரி பள்ளம் விட்ட நுரை மெத்தை நல்லது. சட்டை நனையத்தான் செய்யும். ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று காயவைத்துவிடும், சித்திரையில் மாற்றுச் சட்டை ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

6. தண்ணீர் நிரப்புவதில் உள்ள நுணுக்கம்

ப்ளாடரை நிரப்பி மூடியதும் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். காற்று இருந்தால் தண்ணீர் தளதளவென்று அலையடிக்கும். ஒவ்வொரு வளைவிலும் அந்த அலையை அடக்குவது உங்கள் இடுப்புத் தசை. நடுவில் தடுப்பு வைத்துத் தைத்த ப்ளாடர் என்றால் அலை இன்னும் குறையும். இரண்டு லிட்டர் ப்ளாடர் என்பதற்காக இரண்டு லிட்டரும் நிரப்ப வேண்டியதில்லை.

தண்ணீர் குளிர்ச்சியாக வேண்டும் என்று முழு ப்ளாடரையும் ஃப்ரீசரில் உறையவைத்து எடுத்துப் போனேன் ஒருநாள். கோணல்மாணலாக உறைந்து, பாறாங்கல்லை முதுகில் கட்டின மாதிரி ஆகிவிட்டது. ஐஸ் கட்டிகளை உடைத்துப் போட்டு மீதிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் சரி. வெயிலில் குழாயில் நிற்கும் தண்ணீர் வெந்நீராகும். குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஊதி, தண்ணீரை உள்ளே தள்ளிவிட்டால் அடுத்த மடக்கு குளிர்ச்சியாக வரும்.

மோர், நன்னாரி சர்பத், பதநீர் எதையும் ப்ளாடரில் ஊற்றாதீர்கள். இரண்டே நாளில் பூஞ்சணம். உப்புக்கரைசல் பொட்டலத்தை ஃபிரேமில் உள்ள பாட்டிலில், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். ப்ளாடரில் வெறும் தண்ணீர். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதநீரைக் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, நிமிர்ந்து நின்று குடிப்பதுதான் முறை. முதுகுக்கும் அது ஓய்வு.

7. மூன்று ஓட்டம் ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்

முதல் ஓட்டம் அரை மணி நேரம், தார்ச்சாலையில், அரை லிட்டரோடு. இரண்டாவது ஒரு மணி நேரம், குளத்துக்கரை அல்லது கால்வாய்க் கரையில், ஒரு லிட்டரோடு. மூன்றாவதுதான் நீங்கள் வழக்கமாகப் போகும் பாதை, வழக்கமான பளு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நாள் விடுங்கள். வலி அன்றைக்கே வராமல் மறுநாள் காலை கட்டிலை விட்டு எழும்போது வரும் ஆட்கள் நிறைய. நானும் அந்தக் கட்சி.

வலித்தால், எங்கே என்று பாருங்கள். தோள் மேட்டில் என்றால் தோள் பட்டை இறுக்கம். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் என்றால் பை உயரமாக உட்கார்ந்திருக்கிறது. கீழ் முதுகில் இரண்டு பக்கமும் என்றால் பளு அதிகம், அரை லிட்டரைக் குறையுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் உள்ளே சாமான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அல்லது மருத்துவரைப் பார்க்க வேண்டும். பட்டைகள் சரியாக அமைந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ப்ளாடரைக் கழுவி, வாரம் ஒருமுறை சமையல் சோடா இரண்டு கரண்டி வெந்நீரில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, குழாய்க்கு நீளப் பிரஷ் போட்டு, கவிழ்த்துக் காயவையுங்கள். முழுதாகக் காய நேரம் இல்லையென்றால் தண்ணீரை வடித்துவிட்டுக் காலி ப்ளாடரை ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பூஞ்சணம் பிடிக்காது. என்ன, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஏல, இது என்னடே, யாருக்கு ஏத்துன குளூக்கோஸ் பை?" என்று கேட்டாள்.